நெடுநாளைய நட்பைப் பாடியவர்

புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் ஸ்காட்லாந்து மக்கள் வட்டமாக நின்று, கைகோத்து ஒரு பாடலைப் பாடுவர். அதன் பெயர் 'ஆல்ட் லாங் சைன்'. ஸ்காட்ஸ் மொழியில் இத்தொடர் நெடுநாள்களுக்கு முந்தைய காலத்தைக் குறிக்கும். பாடலில் புத்தாண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இளமையில் மலைச்சரிவில் ஓடியும் ஓடைநீரில் விளையாடியும் திரிந்த இரு நண்பர்கள், கடல்கள் இடையிட்ட பிரிவுக்குப்பின் மீண்டும் கூடுவதே அதன் பொருள். இப்பாடலை உலகுக்கு அளித்தவர் ராபர்ட் பர்ன்ஸ்.

உழவர் குடியில் பிறப்பு

பர்ன்ஸ் 1759ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியிலுள்ள அல்லோவே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த மண்சுவர்க் குடிலைத் தந்தையே தம் கையால் கட்டியிருந்தார். தந்தை குத்தகை உழவர்; வறுமையிலும் பிள்ளைகளின் கல்வியைக் கைவிடாதவர். தாய் நாட்டுப்புறப் பாடல்கள் பலவற்றை அறிந்தவர். நூற்கல்வியோடு தாய்மொழியின் இசையும் இளமையிலேயே பர்ன்ஸின் செவியில் பதிந்தது.

வளம் குன்றிய நிலத்தில் சிறுவயது முதலே உழைத்ததால் அவருடைய உடல்நலம் கெட்டது. நிலவுடைமையாளரோடு நடந்த வழக்கில் தந்தை வென்றார். ஆயினும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்து 1784இல் மறைந்தார். குடும்பப் பொறுப்பு பர்ன்ஸ் மீதும் தம்பி கில்பர்ட் மீதும் விழுந்தது.

முதல் நூல்

துன்பங்கள் பெருகவே, பர்ன்ஸ் ஜமைக்காவுக்குச் செல்ல முடிவு செய்தார். அடிமைகளின் உழைப்பால் இயங்கிய தோட்டமொன்றில் பணியாற்றவும் இசைந்தார். மனிதர் அனைவரும் நிகர் எனப் பின்னாளில் பாடிய கவிஞரின் வாழ்வில் இது மறைக்க இயலாத முரண் ஆகும். அவ்வேளையில், 1786 சூலை 31 அன்று, அவருடைய முதல் கவிதை நூல் கில்மார்னாக் நகரில் 612 படிகளாக அச்சேறியது. உழவரும் கற்றோரும் அதனை ஒருங்கே போற்றினர். பர்ன்ஸ் கப்பல் ஏறவில்லை, எடின்பரோவுக்குச் சென்றார்.

எடின்பரோவின் செல்வர் அவைகள் அவரை வரவேற்றன. அங்கே அவர் ராபர்ட் பெர்குசனின் கல்லறையைத் தேடிச் சென்றார். ஸ்காட்ஸ் மொழியில் பாடி 24 வயதில் மறைந்த அக்கவிஞருக்கு அடையாளக் கல்கூட இல்லை. நேரில் கண்டிராத அம்முன்னோடியைத் தம் உடன்பிறப்பாகக் கருதிய பர்ன்ஸ், தம் செலவில் நினைவுக்கல் நாட்டச் செய்தார்.

பாடல் திரட்டும் பணி

எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் என்னும் செதுக்குக் கலைஞரின் நட்பு வாய்த்தது. அவர் ஸ்காட்லாந்தின் பழம்பாடல்களை இசைக்குறிப்புடன், தொகுதிக்கு நூறாக, ஆறு தொகுதிகளில் வெளியிட முனைந்தார். பர்ன்ஸ் அப்பணியில் தோள்கொடுத்தார். ஊர்தோறும் வழங்கிய பாடல்களைத் திரட்டினார், சிதைந்தவற்றைச் செப்பனிட்டார், மெட்டு மட்டும் எஞ்சியவற்றுக்குப் புதிய சொற்களை இயற்றினார். இவற்றுக்கு ஊதியம் பெறவில்லை.

1788 இறுதியில் 'ஆல்ட் லாங் சைன்' பாடலைத் தம் தோழி டன்லப் அம்மையாருக்கு மடலில் எழுதியனுப்பினார். முதியவர் ஒருவர் பாடக்கேட்டு எழுதியதாகப் பின்னர் ஜார்ஜ் தாம்சன் என்னும் பதிப்பாளருக்குத் தெரிவித்தார். முன்பே வழங்கிய சில அடிகளைத் தழுவியிருப்பினும், பெரும்பகுதி பர்ன்ஸ் இயற்றியதே என்பது ஆய்வாளர் கருத்து. அவரோ அதனைத் தமதென உரிமை கொண்டாடவில்லை.

இறுதி நாள்கள்

வேளாண்மை கைகொடுக்காததால் பர்ன்ஸ் 1789இல் கலால் வரி அலுவலரானார். வாரந்தோறும் ஏறத்தாழ 200 மைல் குதிரையில் சுற்றியபோதும் பாடல் பணி நிற்கவில்லை. 1793இல் தாம்சன் ஐந்து பவுண்டு அனுப்பியபோது அவர் மனம் புண்பட்டார். இனி அனுப்பினால் உறவே முறியும் என எச்சரித்தார். மூன்றாண்டுகளுக்குப்பின் நோயுற்றுக் கிடந்த வேளையில், துணி வணிகர் ஒருவரின் கடனுக்காகச் சிறை செல்லும் அச்சம் அவரைச் சூழ்ந்தது. அதே தாம்சனிடம் அதே ஐந்து பவுண்டைத் தாமே கேட்கும் நிலை வந்தது. தாம்சன் அனுப்பி உதவினார். 1796 சூலை 21 அன்று, 37ஆம் வயதில், டம்ஃப்ரீஸ் நகரில் பர்ன்ஸ் மறைந்தார். அவரை அடக்கம் செய்த நாளில் அவருடைய மகன் ஒருவன் பிறந்தான்.

என்றும் வாழும் பாடல்

அவர் மறைந்த ஆண்டிலேயே ஜான்சனின் ஐந்தாம் தொகுதியில் 'ஆல்ட் லாங் சைன்' வெளிவந்தது. இன்று பாடப்படும் மெட்டோடு தாம்சன் அதனை 1799இல் பதிப்பித்தார். தாய்நாட்டைப் பிரிந்து கடல்கடந்த ஸ்காட்லாந்து மக்கள் அதனை உடன் கொண்டு சென்றனர். அதன் மெட்டு ஜப்பானியச் சொற்களோடு அந்நாட்டுப் பள்ளிகளின் பிரிவு விழாக்களில் ஒலிக்கிறது. பர்ன்ஸின் பெயரை அறியாதோரும் நண்பரின் கைபற்றி அதனைப் பாடுகின்றனர். ஊர் மக்களிடமிருந்து பெற்றதாக அவர் கூறிய பாடல், இவ்வாறு உலக மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.