முள்ளே ஊசி! கந்தலே நூல்!

திருவண்ணாமலை என்றால் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரும். ரமண மகரிஷியும் நினைவுக்கு வருவார்.

அவர் பெரிய ஞானி. இது எல்லோருக்கும் தெரியும். அவர் கைவேலையில் கெட்டிக்காரர். இது பலருக்குத் தெரியாது!

ஒரு பொருள் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய சாமான் இல்லை. நாம் கடைக்கு ஓடுவோம். அங்கும் கிடைக்காவிட்டால் வேலையைப் பாதியில் போட்டுவிடுவோம்.

ரமணர் கடைக்கும் ஓடவில்லை. வேலையையும் விடவில்லை.

கையில் காசு இல்லை

ரமணர் 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தகப்பனார் சுந்தரம் அய்யர் வக்கீல். அவர் இறந்த பிறகு, வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்.

16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலைக்கு வந்தார். கையில் இருந்த மிச்சக் காசையும் வீசி எறிந்துவிட்டார். காசு இல்லாதவருக்குக் கடை ஏது?

மரப்பொந்தில் துண்டு

அவரிடம் ஒரு துண்டு இருந்தது. அது கிழிந்து, உடம்பெல்லாம் கண்ணாகிவிட்டது. அவர் வாய் திறந்து கேட்டிருந்தால் பத்துத் துண்டுகள் வந்திருக்கும். அவர் கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் அதை ஒரு மரப்பொந்தில் ஒளித்து வைத்தார்.

கோவணமும் கிழிந்தது. ஊசி இல்லை. காட்டு முள்ளை ஊசி ஆக்கினார். நூல் இல்லை. கிழிந்த துணியிலேயே இழையை உருவினார். தைத்து முடித்தார்!

மாடு மேய்க்கும் பையன் ஒருவன் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டான். கவர்னர் அதைக் கேட்கிறார் என்று கேலி செய்தான். ரமணர் கோபப்படவில்லை. பிறகு அடியார்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் மனம் பதறினார்கள்.

எறிவதற்கு ஒன்றும் இல்லை

நாம் குப்பையில் எறியும் கொட்டாங்கச்சி அவர் கையில் கிண்ணமாகும், கரண்டியாகும். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார். கடிதங்களில் எழுதாமல் விட்ட வெற்றுத் தாள்களை வெட்டி, தைத்து, நோட்டுப் புத்தகம் ஆக்குவார். கீழே கிடக்கும் குண்டூசியையும் எடுத்து வைப்பார்.

முள் கம்பு கைத்தடியானது

ஒரு நாள் மலையில் முள் நிறைந்த ஒரு கொம்பை எடுத்தார். முட்களைச் செதுக்கினார். கணுக்களைச் சீவினார். உப்புத்தாள் இல்லை. சொரசொரப்பான இலையால் தேய்த்தார். பல மணி நேரம் தேய்த்தார். அழகான கைத்தடி உருவாகிவிட்டது.

அப்போது ஓர் ஆட்டுக்காரப் பையன் வந்தான். தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்தான். ரமணர் அந்தத் தடியை அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டார்!

பலனில் ஆசை வைக்காமல் வேலை செய்வது எப்படி என்று ஓர் அடியார் அவரிடம் கேட்டிருந்தார். ரமணர் வாயால் பதில் சொல்லவில்லை. அந்தத் தடியே பதிலாயிற்று.

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ரமணர் மறைந்தார். உலகமெங்கும் இருந்து அன்பர்கள் தேடி வந்த பிறகும், அவர் காகிதத் துண்டைக்கூட வீணாக்கியதில்லை.

உங்கள் வீட்டில் ஏதாவது செய்கிறீர்களா? ஒரு சாமான் குறைகிறதா? கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். குழந்தைகளையும் தேடச் சொல்லுங்கள். தேடும் சாமான் உங்கள் காலடியிலேயே கிடக்கலாம்!