எம்டன் கப்பலின் தலைவர்

தந்திரம் மிக்க ஒருவனை எம்டன் என அழைப்பது தமிழர் வழக்கு. ஒரு போர்க் கப்பலின் பெயர் இவ்வாறு நம் பேச்சிற் கலந்துவிட்டது. ஆயினும் அக்கப்பலை நடத்தியவரை நம்மிற் பலர் அறியோம். அவரே ஜேர்மன் கடற்படை அதிகாரி கார்ல் வொன் முல்லர்.

இராணுவ அதிகாரியொருவரின் மைந்தராக 1873இல் ஹனோவர் நகரிற் பிறந்த முல்லர், 1891இல் கடற்படையிற் சேர்ந்தார். கிழக்காபிரிக்காவிற் பணிபுரிந்த காலத்திற் பற்றிய மலேரியா அவரை நெடுங்காலம் வாட்டியது. 1913இல் எம்டனின் தலைமை அவரிடம் வந்தது.

1914இல் முதலாவது உலக யுத்தம் மூண்டதும், இந்து சமுத்திரத்திற் தனித்துப் போரிட அனுமதி பெற்றார். மூன்று புகைபோக்கிகளையுடைய தம் கப்பலுக்குப் பொய்யான நான்காவது ஒன்றை அமைத்து, ஆங்கிலக் கப்பல்போலத் தோன்றச் செய்தார். அகப்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கி, வேறொரு கப்பலில் அனுப்பிவைப்பார். அவ்வாறு விடுதலை பெற்றவர்கள் பிரியும்போது எம்டனை ஆரவாரித்து வாழ்த்தியதும் உண்டு.

ஆனால் 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைமீது அவர் குண்டு பொழிந்தார். பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகள் தீப்பற்றின, உயிர்களும் மாண்டன. மக்கள் பலர் நகரைவிட்டு ஓடினர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களின் தாக்குதலையும், சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்ததையும் கண்ட ஊர் நமது. சென்னை மக்களின் திகிலை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஒக்டோபர் 28இல் பினாங்கில் ரஷ்யக் கப்பலொன்றையும் பிரெஞ்சுக் கப்பலொன்றையும் முல்லர் அழித்தார். பிரெஞ்சுக் கப்பலிற் தப்பியோரைக் கடலினின்றும் மீட்கவும் செய்தார். நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வென்றது. எம்டன் மாலுமிகளில் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எஞ்சியோரைக் காக்கவே தம் கப்பலை முல்லர் பவளப்பாறையில் ஏற்றினார். காயமுற்ற கைதிகளுடன் சிட்னி நவம்பர் 15இல் கொழும்பை அடைந்தபோது, அவர்கள்பொருட்டு வெற்றி ஆரவாரம் தவிர்க்கப்பட்டது.

மால்டாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்த முல்லர், 1917இல் தப்பியோடிப் பிடிபட்டார். 1918இல் தாயகம் திரும்பி, 1923 மார்ச் 11இல் காலமானார்.

யுத்தத்தை நாம் போற்றவில்லை. சென்னையில் மாண்டோரை மறக்கவுமில்லை. எனினும் கையில் அகப்பட்ட பகைவனின் உயிரைப் பேணிய பண்பு அம்மனிதரிடம் இருந்தது. எம்டன் என்னும் சொல்லைக் கேட்கும்போது, தந்திரத்தோடு அப்பண்பையும் நாம் நினைவுகூர்வோமாக.