ஆசிரியை மேரி கியூரி அம்மையார்

ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஆரம்பப் பள்ளிச் சிறுமியும் மேரி கியூரி என்று சொல்லிவிடுவாள். இருமுறை நோபல் பரிசு பெற்ற மாதரசி அவர் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் அவர் ஓர் ஆசிரியை என்பதும், உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு அறிவியல் கற்பிப்பதற்காக முறையாகப் படித்துத் தேர்வெழுதி முதலிடம் பெற்றவர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. ஆண்டுதோறும் நம் பள்ளிகளுக்குப் பயிற்சிக்காக வரும் பி.எட். ஆசிரியைகள், பாடக்குறிப்பேட்டைக் கையில் ஏந்திச் சற்றே படபடப்புடன் வகுப்பில் நுழைவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் நடக்கும் பாதை மேரி கியூரி அம்மையாரும் நடந்த பாதையே. பத்தாம் வகுப்பை முடித்து, அடுத்து எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்று எண்ணிக் கொண்டிருக்கும் நாம், அவ்வழியே அவர் வாழ்வைப் பார்ப்பது பயனுடையதாகும்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா பிறந்தார். ஐந்து குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தையார் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்தவர். ஆழ்ந்த கத்தோலிக்கப் பக்தி உடையவர். அக்காலத்தில் வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் பாடங்கள் ரஷ்ய மொழியில்தான் நடைபெற வேண்டும் என்பது ஆணை. மாணவர்கள் சோதனைச்சாலையில் பயில்வதும் நிறுத்தப்பட்டது. ஆகவே தந்தையார் தம் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். சிறுமி மரியா அந்தப் பெட்டியின் முன் நின்று, உள்ளே இருந்த கண்ணாடிக் குழாய்களையும் சிறு தராசுகளையும் வியப்போடு பார்த்துக் கொண்டிருப்பாள். பார்க்க மட்டுமே முடிந்த அக்கருவிகள் அவள் உள்ளத்தில் விதையாக விழுந்தன.

துன்பமும் அவ்வீட்டைத் தேடி வந்தது. தாய்நாட்டுப் பற்றுடையவர் என்ற காரணத்தால் தந்தையார் தம் பதவியை இழந்தார். 1876-இல் மூத்த மகள் நச்சுக் காய்ச்சலால் மாண்டாள். 1878-இல் தாயார் காசநோயால் மறைந்தபோது மரியாவுக்கு வயது பத்து. இந்த இழப்புகளுக்குப் பின் அவருடைய மனம் இறைநம்பிக்கையிலிருந்து விலகிச் சென்றது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறருக்காகத் தம்மையே தந்து உழைக்கும் குணத்தைத் தம் பெற்றோரிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டார். அது இறுதிவரை அவரை விட்டு நீங்கவே இல்லை.

1883-இல், நம் வயதில், அதாவது பதினைந்தாம் வயதில், தங்கப் பதக்கத்துடன் அவர் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆயினும் வார்சா பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. கல்வி வேட்கை கொண்ட பெண்கள் வீடு வீடாக இடம் மாறி இரகசியமாகக் கூடிப் படித்தனர். பறக்கும் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். மரியாவும் அதில் சேர்ந்து பயின்றார்.

அவருடைய அக்காள் புரோனியாவுக்குப் பாரீசில் மருத்துவம் படிக்க ஆசை. கையிலோ பணம் இல்லை. சகோதரிகள் இருவரும் ஓர் உடன்பாடு செய்து கொண்டனர். முதலில் தங்கை வேலை செய்து அக்காளைப் படிக்க வைப்பது; பிறகு அக்காள் தங்கையைப் படிக்க வைப்பது. இவ்வாறு 1886-இல், பதினெட்டே வயதில், வார்சாவுக்கு வடக்கே இருந்த ஸ்ட்சூகி என்ற சிற்றூரில், வசதி படைத்த ஒரு குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக மரியா சேர்ந்தார்.

அவ்வூர்க் குடியானவர்களின் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாய்மொழியின் எழுத்துகளையே அவர்கள் கண்டதில்லை. தம் வேலை முடிந்த பின் அவர்களைத் தம் அறைக்கு அழைத்து, போலிஷ் மொழியில் எழுதவும் படிக்கவும் மரியா கற்றுக் கொடுத்தார். அது வெளியே தெரிந்தால் கடுந்தண்டனை கிடைக்கும் காலம் அது. இருந்தும் அவர் அஞ்சவில்லை. இரவில் எல்லோரும் உறங்கிய பின் கணிதத்தையும் இயற்பியலையும் தாமே படித்தார். விளங்காத கணக்குகளைக் கடிதத்தில் எழுதித் தந்தையாரிடம் கேட்டறிந்தார். கற்பித்தலும் கற்றலும் அவரிடம் ஒருசேர வளர்ந்தது இவ்வாறுதான்.

1891-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பாரீஸ் சென்று சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குளிர்காலத்தில் கரி வாங்கவும் காசில்லாத மாடி அறை. ரொட்டியும் தேநீருமே பல நாள் உணவு. ஆயினும் 1893-இல் இயற்பியலில் முதலாவதாகவும், 1894-இல் கணிதத்தில் இரண்டாவதாகவும் தேறினார். தமக்குக் கிடைத்த உதவித்தொகையைப் பின்னாளில் சேமித்துத் திருப்பிக் கொடுத்தார். தம்மைப் போன்ற மற்றோர் ஏழை மாணவிக்கு அது பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

1895-இல் இயற்பியல் அறிஞர் பியேர் கியூரியை அவர் மணந்தார். மணமான பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. பிரெஞ்சு நாட்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு அக்ரெகாசியோன் என்றொரு போட்டித் தேர்வு உண்டு. நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியின் முதியோர் சிலர் இப்பெயரைக் கேட்டிருப்பர். பாடத்தை எழுதினால் மட்டும் போதாது. தேர்வாளர்கள் முன் நின்று பாடம் நடத்தியும் காட்ட வேண்டும். பெண்கள் பள்ளிகளில் கற்பிப்பதற்கான அத்தேர்வில் 1896-ஆம் ஆண்டு மேரி கியூரி முதலிடம் பெற்றார்.

அடுத்த ஆண்டு மூத்த மகள் இரேன் பிறந்தாள். 1898-இல் கணவரும் மனைவியும் பொலோனியம், ரேடியம் என்ற இரு தனிமங்களைக் கண்டறிந்தனர். மழை ஒழுகும் கொட்டகையில், கொதிக்கும் தாதுக்குழம்பை இரும்புத் தடியால் மேரி கிளறிக் கொண்டிருந்த கதையை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். அதே நாட்களில் அவர் ஆசிரியப் பணியும் செய்தார் என்பதுதான் நாம் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது.

பிரெஞ்சு நாட்டில் பெண்களுக்கான அரசு உயர்நிலைப் பள்ளிகளை அமைக்க 1880-இல் சட்டம் இயற்றப்பட்டது. அப்பள்ளிகளுக்கு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கப் பாரீசை அடுத்த செவ்ர் என்னும் ஊரில் 1881-இல் ஒரு கல்லூரி தோன்றியது. ஆயினும் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைப் போல் அறிவியல் தேவையில்லை என்ற எண்ணம் நீங்கவில்லை. இரு பாலாருக்கும் ஒரே பாடத்திட்டம் வந்தது 1924-இல்தான்.

அந்தச் செவ்ர் கல்லூரியில் 1900-ஆம் ஆண்டு இயற்பியல் விரிவுரையாளராக மேரி கியூரி பொறுப்பேற்றார். வருங்கால ஆசிரியைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக் கொண்டால் போதும் என்று அவர் விடவில்லை. பாட நேரத்தை நீட்டித்து, மாணவியர் தம் கையாலேயே பரிசோதனை செய்து பார்க்க வைத்தார். ஒரு கருவியைத் தாமே இயக்கி, அளந்து, தவறி, மீண்டும் அளந்தவளுக்குத்தான் நாளை ஒரு வகுப்புக்கு அதைக் கற்பிக்கும் துணிவு வரும் என்பது அவர் கொள்கை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஏங்கிய அந்தச் சிறுமி, வளர்ந்தபின் பிற பெண்களுக்காகப் பெட்டியைத் திறந்து வைத்தாள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1903 ஜூன் மாதம் தம் முனைவர் பட்ட ஆய்வை அறிஞர்கள் முன் அவர் விளக்கியபோது, செவ்ர் மாணவியரும் வந்து அமர்ந்து கேட்டனர். தங்கள் ஆசிரியை தேர்வெழுதுவதைக் காண அவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அம்மாணவியருள் ஒருவரான எழெனி கொத்தோன் அம்மையார் பின்னர் 1936-இல் அதே கல்லூரிக்குத் தலைவியானார்.

அந்த 1903-ஆம் ஆண்டிலேயே இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1906 ஏப்ரல் 19-ஆம் நாள் குதிரை வண்டி ஏறிப் பியேர் கியூரி மாண்டார். கணவரின் இடத்தில் பாடம் நடத்தச் சோர்போன் அவரை அழைத்தது. அங்கே கற்பித்த முதல் பெண்மணி அவரே. நவம்பர் 5-ஆம் நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கண்ணீருடன் ஏதேனும் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். கணவர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ, அதே இடத்திலிருந்து அவர் தொடங்கினார். கடமையே அவருடைய அஞ்சலியாக இருந்தது.

1907 முதல் சுமார் ஈராண்டுகள், தம் மகளுக்கும் நண்பர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு சிறு வகுப்பு நடத்தினார். சைக்கிள் பேரிங் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்ந்த பலகையில் ஓடவிடுவார். குண்டு வரைந்து செல்லும் கோட்டில் பிள்ளைகள் பரவளையத்தைக் கண்டு மகிழ்வர். கணக்கு வாத்தியாரின் பரவளையம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கு அன்றே புரிந்திருக்கும். ஒருநாள் பாத்திரத்தில் உள்ள சூடு ஆறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். கம்பளியால் சுற்றலாம் என்பது போலப் பிள்ளைகள் பல வழி சொன்னார்கள். முதலில் மூடியைப் போட்டு மூடுவேன் என்று அவர் சொன்னதும் எல்லாரும் விழித்தனர். மேசையை அழுக்காக்கிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்றால் அவருக்குப் பிடிக்காது. அழுக்காகாமல் செய்வதே சோதனை என்பார்.

1911-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார். முதல் உலகப் போரின்போது எக்ஸ்-ரே வண்டிகளை அமைத்துக் காயமுற்ற வீரர்களுக்கு உதவினார். அக்கருவிகளை இயக்கச் சுமார் 150 பெண்களுக்குத் தாமே பயிற்சி தந்தார். பல்லாண்டுகள் கதிரியக்கத்தோடு உழைத்த உடல் நலிந்து, 1934 ஜூலை 4-ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டே மகள் இரேன் தம் கணவருடன் நோபல் பரிசு பெற்றார்.

நம் தமிழகத்திலும் இதே வேளையில் ஒரு விளக்கு எரிந்தது. பால்ய விதவையான சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் 1911-இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். 1922-இல் சென்னையில் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். நம் புதுச்சேரிக்கு 1827-இலேயே வந்து பெண்களுக்குக் கல்வி தந்த குளூனி சபைக் கன்னியரையும் நன்றியோடு நினைப்போம்.

தோழியரே! மருத்துவரும் பொறியாளரும் ஆக இயலாதவர்தாம் ஆசிரியை ஆவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. உலகம் போற்றும் அறிஞர் ஒருவர் ஆசிரியைத் தேர்வில் முதலாவதாக வந்ததையும், ரேடியத்தைத் தேடிக் கொண்டிருந்த நாட்களிலேயே ஆசிரியைகளைப் பயிற்றுவித்ததையும் அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்வோம். கணக்கு என்றால் கசக்கும் என்றும், இயற்பியல் ஆண்களுக்கே என்றும் எண்ணி ஒதுங்கி நிற்கும் தங்கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு காந்தத்தையும் ஒரு வில்தராசையும் கொடுத்து, அஞ்சாதே, செய்து பார் என்று சொல்ல ஆசிரியைகள் வேண்டும். அவர்களுள் சிலராவது நம் வகுப்பிலிருந்து எழுவார்களாக!