பிராக்டிகல் வகுப்பில் பிறந்த விஞ்ஞானி – சர் சி.வி. ராமன்

சர் சி.வி. ராமன் என்றவுடன் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசும், ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று கொண்டாடப்படும் தேசிய அறிவியல் தினமும்தான். ஆனால் அந்தச் சிகரத்தை அடைவதற்கு முன் அவர் ஒரு கல்லூரி மாணவர். அதன்பின் பத்து ஆண்டுகள் கணக்குத் துறை அதிகாரி. அந்த இரண்டு பருவங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் உள்ள நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு, அந்தப் பருவங்களே அதிகம் பயன்படக் கூடியவை.

ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தந்தைக்குக் கணிதத்திலும் பௌதிகத்திலும் நல்ல தேர்ச்சி. 1892-இல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் உள்ள ஏ.வி. நரசிம்ம ராவ் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் பெரிய செல்வம் இல்லை. ஆனால் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. எட்வின் ஆர்னால்டு புத்தரைப் பற்றி எழுதிய காவியம், யூக்ளிடின் வடிவ கணிதம், இசையொலியைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் ஆகிய மூன்றும் தம்மை உருவாக்கியவை என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

பதினோராவது வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். இன்டர்மீடியட்டுக்கு இணையான எஃப்.ஏ. பரீட்சையை முடித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் நாள் அந்த மெலிந்த சிறுவனைக் கண்ட ஆங்கிலப் பேராசிரியர், இவன் பி.ஏ. வகுப்பு மாணவன்தானா என்று சந்தேகப்பட்டு விசாரித்தார் என்பார்கள். 1904-இல் பி.ஏ. முடிவு வெளியானபோது முதலிடம் அந்தச் சிறுவனுக்குத்தான். தொடர்ந்து அதே கல்லூரியில் பௌதிகத்தில் எம்.ஏ. படிப்பில் சேர்ந்தார்.

இங்கேதான் கதையின் முதல் திருப்பம். பௌதிக மாணவர்கள் அனைவரும் அன்றும் இன்றும் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ராமீட்டர் மேடையில் ஒரு முப்பட்டகக் கண்ணாடியை வைத்து அதன் கோணத்தை அளக்க வேண்டும். ஒளி முப்பட்டகத்தின் இரண்டு முகங்களிலும் பட்டுத் திரும்பும். தொலைநோக்கியைத் திருப்பி இரண்டு பிம்பங்களின் இடத்தையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைப் பாதியாக்கினால் விடை வந்துவிடும். அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ராமனும் அந்தப் பயிற்சியைச் செய்தார். விடையும் வந்தது. ஆனால் ஒளி மிகவும் சாய்வாக முகத்தின்மேல் பட்டபோது, பிம்பத்தின் இருபுறமும் மங்கலான கோடுகள் வரிசையாகத் தெரிவதைக் கவனித்தார். குறுகிய வழியில் ஒளி செல்லும்போது இப்படிப் பட்டைகள் தோன்றுவது அப்போதே தெரிந்த விஷயம்தான். ஆனால் பாடப் புத்தகத்தின்படி அவை இருபுறமும் சமச்சீராக இருக்க வேண்டும். இவர் கண்ட பட்டைகள் ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் நெருக்கமாகவும் இருந்தன.

கேட்ட கேள்விக்கும் இந்தப் பட்டைகளுக்கும் சம்பந்தம் கிடையாது. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனாலும் அவர் விடவில்லை. மறுபடியும் மறுபடியும் அளந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். சாய்வு அதிகமாகும்போது, கோணம் மாறுகிற வேகமும் ஒளி கடக்கும் பாதையின் வித்தியாசமும் இருபுறமும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை என்பதே காரணம் என்று கண்டார். அதைக் கட்டுரையாக எழுதிப் பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். பல மாதங்கள் ஆகியும் அவரிடமிருந்து கருத்து ஏதும் வராததால், தாமே அதை லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாஃபிகல் மேகஸினுக்கு அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் அது அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பேராசிரியர் ஜோன்ஸைக் குறை சொல்வதற்கில்லை. இந்த மாணவனுக்கு வகுப்பில் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்று உணர்ந்து, பரிசோதனைச் சாலையில் விருப்பம்போல் வேலை செய்ய அனுமதித்தவர் அவர்தான். சில சமயம் ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வழியில் நிற்காமல் இருப்பது.

1907 ஜனவரியில் எம்.ஏ.வில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். அடுத்து என்ன? இங்கிலாந்து செல்வதற்கு அவருடைய உடல்நிலை இடம் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தியாவிலோ ஆராய்ச்சியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வழி இல்லை. அண்ணா சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தார் (1983-இல் நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகர் இவருடைய குமாரர்). தம்பியும் அதே வழியில் நிதித்துறைப் போட்டித் தேர்வு எழுதினார். பௌதிகம் படித்தவர் சரித்திரம், பொருளாதாரம் என்று புதிய பாடங்களைக் குறுகிய காலத்தில் படித்து, அகில இந்திய அளவில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். சில வாரங்களில் இளம் தம்பதிகள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். பதினெட்டு வயதில் அவர் அங்கே அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரல்.

அத்துடன் கதை முடிந்திருக்கலாம். கௌரவமான உத்தியோகம், மாதாமாதம் நிச்சயமான சம்பளம், கடைசியில் பென்ஷன். அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் இதற்கு மேல் வேறென்ன வேண்டும் என்று பகவானைக் கேட்கும்? ஆனால் ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் 210-ஆம் இலக்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. ஆராய்ச்சிக் கருவிகள் இருந்தன, பயன்படுத்துவார்தான் இல்லை. இறங்கிப் போய் விசாரித்தார். நிறுவனரின் குமாரர் அம்ருதலால் சர்க்கார் மனமார வரவேற்றார். அங்கே உதவியாளராக இருந்த ஆசுதோஷ் டே, ராமனுக்கு நீண்ட காலம் வலக்கரமாக விளங்கினார்.

அதிகாலை ஐந்தரை மணிக்குக் கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, ஸ்நானம், சாப்பாடு என்று அவசரமாக முடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் நேரே கழகம். வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கழகம்தான். இந்த வாழ்க்கையில் லோகசுந்தரி அம்மாளின் பொறுமைக்கும் பாதிப் பங்கு உண்டு. 1909-இல் ரங்கூனுக்கும், அடுத்து நாகபுரிக்கும் மாற்றல் ஆனபோது வீட்டிலேயே கருவிகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1911-இல் மீண்டும் கல்கத்தா. இத்தனைக்கும் ஆபீஸ் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பின்னாளில் அவரை விட்டுக்கொடுக்க நிதித்துறை தயங்கியதே அதற்குச் சாட்சி.

1917-இல் பரீட்சை வேறு ரூபத்தில் வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, தாரகநாத் பாலித்தின் நன்கொடையால் ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்திருந்தார். கணக்குத் துறையில் சுமார் 1100 ரூபாய் சம்பளம். பேராசிரியருக்கு 600 ரூபாய். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதற்காக வெளிநாடு செல்ல ராமன் சம்மதிக்கவில்லை, நிபந்தனை தளர்த்தப்பட்டது. பாதிச் சம்பளத்துக்கு ராமன் மாறினார். வருமானத்தில் 500 ரூபாய் குறைவதை, கணக்குத் துறை அதிகாரி கணக்குப் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்துத்தான் எடுத்த முடிவு அது.

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குச் சென்று கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிப்பதே காரணம் என்று பெரியவரான ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையோடு கொண்டுபோயிருந்த நிக்கல் முப்பட்டகத்தால் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற அடிக்கின்றன என்று நிறுவினார். 1924-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

அடுத்து வந்ததுதான் முக்கியம். 1923-இல் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன், நீரில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, வேறு நிறத்தில் மிக மங்கிய ஒளி சிறிது மிஞ்சுவதைக் கண்டார். நீரில் அசுத்தம் இருக்கலாம் என்று நினைத்து, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அது மறையவில்லை. சில ஆண்டுகளில் கே.எஸ். கிருஷ்ணன் வேறு திரவங்களிலும் அதையே கண்டார். 1928 தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் அதைத் தீவிரமாகத் துரத்தி, சுமார் 60 திரவங்களைப் பரிசோதித்தார்கள். மூலக்கூறில் பட்ட ஒளி அதனுடன் சிறிது சக்தியைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறி வருகிறது என்பது தெளிவாயிற்று. பிப்ரவரி 28 அன்று கண்ட அந்த விளைவு ராமன் பெயரால் வழங்குகிறது. சிதறும் ஒளியிலேயே அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு கிடைத்தது.

மாணவராக இருந்தபோது சமச்சீரில்லாத பட்டைகள். பேராசிரியராக இருந்தபோது மிஞ்சிய மங்கலான ஒளி. இரண்டும் ஒரே குணத்தின் பலன். கணக்குத் துறையில் இருந்த நம் அங்கத்தினர்களுக்கு இது எளிதில் புரியும். டிரையல் பாலன்ஸில் பற்றும் வரவும் நாலு ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் அந்த நாலு ரூபாய்க்குப் பின்னால், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு இரண்டு பெரிய தவறுகள் இருக்கலாம். புள்ளியியலிலும் அப்படியே. புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் கேள்விக்கு விடை வந்துவிடும். ஆனால் கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளிகளை உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான், அந்தக் கோடு பொருந்துமா பொருந்தாதா என்பது தெரியும்.

இன்று ஒரு கணக்கின் விடை வேண்டுமென்றால் அரை நிமிடம் போதும். புள்ளியியலோ, அக்கவுண்டன்சியோ, பௌதிகமோ, கேள்வியைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் படிப்படியாகச் செய்து காட்டிவிடும். அதைக் குற்றம் என்று சொல்லிப் பயனில்லை. ஒரு சந்தேகம் தீர அது நல்ல துணைதான். ஆனால் ராமனுடைய முப்பட்டகப் பயிற்சியை வேறொருவர் செய்து கொடுத்திருந்தால், கோணம் சரியாக வந்திருக்கும். ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்திருக்கும். அந்தப் பட்டைகளை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாடப் பயிற்சியின் விடை ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். அது அவருக்குத் தேவையில்லை. அந்த விடைக்குப் போகும் வழியில் மாணவன் எதைக் காண்கிறான் என்பதே பயிற்சியின் பலன்.

ராமன் 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அங்கே நிர்வாகத்தில் எழுந்த கருத்து வேற்றுமைகளால் 1937-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, 1948 வரை பேராசிரியராக நீடித்தார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவினார். ஓய்வு பெற்றபின் தம் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் நாதம், வைரம், பூக்களின் நிறம் என்று கடைசிவரை அவருடைய கேள்விகள் ஓயவில்லை. 1970 நவம்பர் 21 அன்று, 82 வயது நிறைந்த சில நாட்களில், பெங்களூரில் அமரரானார்.

வீட்டில் பிள்ளைகள் விடையுடன் வந்து நிற்கும்போது, சரியா தப்பா என்று மட்டும் கேட்காமல், வழியில் ஏதாவது விசித்திரமாக இருந்ததா என்றும் கேட்போம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் பாதகமில்லை. கேட்டுக் கேட்டுப் பழகினால், ஒரு நாள் அவர்களே பார்க்கத் தொடங்குவார்கள்.