நீராவிச் சம்மட்டி கண்ட நாஸ்மித்

இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்குந் தொழில் மிகப் பழமையானது. அத்தொழிலிற் கைவலியின் எல்லையைக் கடக்க வழி கண்டோருள் தலையாயவர் ஜேம்ஸ் நாஸ்மித் என்பார். அவர் வரலாறு நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியத் தக்கதாம்.

இவர் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் புகழ்பெற்ற ஓவியர். அவரிடம் இளமையிலேயே சித்திரம் பயின்றார். 1829-இல் லண்டன் சென்று, ஹென்றி மாட்ஸ்லே என்னும் இயந்திர வல்லுநரிடம் பணிபுரிந்தார். 1836-இல் மான்செஸ்டருக்கு அருகே பாட்ரிக்ராப்டில் சொந்தத் தொழிற்சாலையை நிறுவினார்.

1839-இல், பிரிஸ்டலிற் கட்டப்பெற்ற ‘கிரேட் பிரிட்டன்’ என்னுங் கப்பலின் துடுப்புச் சக்கரங்களுக்குரிய பேரச்சை அடித்துத்தர எவரும் முன்வந்திலர். அக்காலத்து இயந்திரச் சம்மட்டி ஒரு முனையிற் பொருத்தப்பெற்று, நெம்புகோல்போல் எழுந்து விழுவது. பட்டடைமேல் வைக்கும் இரும்பு பருக்கப் பருக்க, அது விழும் உயரங் குறையும். பேரடி வேண்டிய இடத்திலேயே அடி மெலியும்.

இக்குறையை உணர்ந்த நாஸ்மித், பட்டடைக்கு நேர்மேலே ஓர் உருளையை நிறுத்தி, அதனுள் நீராவியைச் செலுத்திச் சம்மட்டியை மேலே தூக்கி, பின் அதன் பாரத்தாலேயே விழச்செய்யக் கருதினார். நவம்பர் 24-ஆம் நாள் அதனைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். தந்தையார் பயிற்றிய சித்திரம் அன்று பெரிதும் பயன்பட்டது.

ஆயினும் அக்கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தை நீக்கித் திருகுச் சுழலியை மேற்கொண்டனர், பேரச்சும் வேண்டாததாயிற்று. சம்மட்டி ஏட்டளவிலேயே கிடந்தது. 1842-இல் பிரான்சு தேசத்து லெ குரூசோவிலுள்ள ஷ்னீடர் தொழிற்சாலைக்குச் சென்றவர், தாம் வரைந்ததை ஒத்த சம்மட்டி ஆங்கே தொழிற்படுவதைக் கண்டு வியந்தார். அதனை அமைத்தவர் பூர்டோன் என்னும் பொறியாளர். முதற்கண் கண்டவர் யாவர் என்னும் வழக்கு இரு நாட்டாரிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது. நாஸ்மித்தோ தளர்ந்திலர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காப்புரிமை பெற்று, சம்மட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அது தானே இயங்குதற்குரிய அமைப்பைச் செப்பஞ்செய்தவர் அவர்தம் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ராபர்ட் வில்சன் ஆவர். அவர் பெயரும் மறக்கற்பாலதன்று.

மதுக்கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்து, கிண்ணத்தைச் சிதையாது விடும் அளவுக்கு அச்சம்மட்டி அடங்கி நின்றது. கட்டுத்தூண்களை நிலத்தில் அடித்திறக்கவும் அம்முறை பயன்பட்டது. பிற்காலத்தில் அழுத்திய காற்றால் இயங்குஞ் சம்மட்டிகளும் தோன்றின.

போதிய பொருள் ஈட்டியபின், 1856-இல், நாற்பத்தெட்டாம் வயதிலேயே தொழிலினின்று ஓய்வுபெற்று வானாராய்ச்சியில் ஈடுபட்டார். கார்ப்பென்டர் என்பாருடன் எழுதிய சந்திரனைப் பற்றிய நூல் 1874-இல் வெளிவந்தது. 1890-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் இவர் காலமானார்.

கருத்து எத்துணைச் சிறந்ததாயினும், உருப்பெற்றுத் தொழிற்பட்டாலன்றிப் பயன்படாது. கையறிந்த தொழிலைக் கண்ணறியத் தீட்டவும் வல்லவனே அதனை வளர்ப்பவன். ஆதலின், நம் சிறுவர்க்குத் தொழிலோடு சித்திரமும் பயிற்றுவோமாக.