கறுப்பு அங்கியைக் கொளுத்திய வக்கீல்

தோழர்களே! ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கத்தில் கேட்டபோது முதலில் கவிதைதான் எழுதலாம் என்று இருந்தேன். நல்லவேளை, நீங்கள் தப்பித்தீர்கள்! கவிதைக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, மனு கொடுப்பதற்காக எங்க அப்பாவோடு சென்னை ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. வரிசையில் நிற்கும்போது, யாருப்பா இவர் என்று கேட்டேன். பழைய தலைவர்டா என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அந்தப் பெயர் மனசை விட்டுப் போகலை. லைப்ரரியில் தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, இவர் நம்ம ஆளு!

ம. சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கடற்கரைக் குப்பத்திலிருந்து காலேஜ் வாசல் வரை வருவதே பெரிய விஷயம். இவர் பி.ஏ. முடித்தபோது வயது 34. பி.எல். முடித்து ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்தது 1907-இல், 47 வயதில். ரெண்டு அரியர் விழுந்ததும் வாழ்க்கையே முடிஞ்சு போச்சு என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

வக்கீலாவதற்கு முன்பே அவருக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு. மகாபோதி சங்கக் கூட்டங்கள் அவர் வீட்டிலேயே நடந்தன. சாதி கூடாது, பிறப்பால் உயர்வு தாழ்வு கிடையாது என்ற எண்ணம் அங்கேயே ஊறிவிட்டது. வீட்டில் ஆயிரக்கணக்கில் புத்தகம். வக்கீல் தொழிலில் வசதியாகவே வாழ்ந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர் பக்கம் பி அண்டு சி மில் தொழிலாளிகள்தான் அதன் முதுகெலும்பு. சங்கம் வைப்பதே குற்றம் மாதிரி பார்க்கப்பட்ட நேரம் அது. திரு.வி.க. போன்றவர்களோடு சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார். 1921-இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம், கோர்ட்டுகளைப் புறக்கணியுங்கள் என்றது. பல வக்கீல்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலர் தன்னுடைய கறுப்பு அங்கியைப் பொது இடத்தில் வைத்து நெருப்பு வைத்தார். அப்போது அவருக்கு 61 வயது. ரிட்டயர் ஆகிற வயதில் புதுசாக ஒரு வேலையில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1922-இல் கயாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய், சுயராஜ்யம் வந்தால் கூலிக்காரனுக்கும் உழவனுக்கும் என்ன கிடைக்கும் என்ற பேச்சை அங்கே கிளப்பினார். அடுத்த வருஷம் 1923 மே 1-ஆம் தேதி, இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடினார். சென்னையில் இரண்டு கூட்டம். ஒன்று திருவல்லிக்கேணி கடற்கரையில், இன்னொன்று ஹைகோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரையில். எந்தக் கோர்ட்டில் அங்கி போட்டு வாதாடினாரோ, அதே கோர்ட்டுக்கு எதிரிலேயே செங்கொடி! அன்றைக்கே இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அறிவித்தார். இன்று மே 1-ஆம் தேதி நமக்கு லீவு விடுகிறார்கள் இல்லையா, அதன் நம்ம ஊர் ஆரம்பம் இதுதான்.

வெள்ளைக்கார அரசு சும்மா இருக்குமா? 1924-இல் கான்பூர் சதி வழக்கில் டாங்கே, முசாபர் அகமது ஆகியோரோடு இவர் பெயரையும் சேர்த்தது. உடம்பு சரியில்லாததால் அவரை விசாரணைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சியிலும் உறுப்பினராக இருந்தார்.

இனிமேல் வருவதுதான் நம்ம மெக்கானிக்கல் பசங்க கவனிக்க வேண்டிய பகுதி.

தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் பணிமனைகள் இருந்தன. அவற்றை எல்லாம் திருச்சி பொன்மலையில் ஒரே இடத்தில் கொண்டுவரக் கம்பெனி முடிவு செய்தது. அப்படிச் செய்தால் 3,100 பேருக்கு மேல் வேலையில் வேண்டாம் என்று கணக்குப் போட்டார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது? அதற்குத் திறமைப் பரீட்சை வைத்தார்கள். அதாவது டிரேடு டெஸ்ட். வருஷக்கணக்கில் இஞ்சினுக்குப் பார்ட்ஸ் செய்து கொடுத்த ஃபிட்டரையும் டர்னரையும் நிறுத்தி, உனக்கு வேலை தெரியுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? டெஸ்ட்டே எழுத மாட்டோம் என்றார்கள் தொழிலாளிகள். 1928 ஜூன், ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. தென்னாடு முழுக்க ரயில் ஓட்டம் பாதித்தது. 68 வயதுக் கிழவரான சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்காரோடு சேர்ந்து அதில் முன்னால் நின்றார்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஜெயிக்கவில்லை. அடக்குமுறையில் அது நசுக்கப்பட்டது. சங்கத்தின் அங்கீகாரத்தைப் பிடுங்கினார்கள். தலைவர்களை ஜெயிலில் போட்டார்கள். சிங்காரவேலருக்குப் பத்து வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1930-இல் வெளியே வந்தார். அந்த வயதில் ஜெயில் சாப்பாடும் ஜெயில் தரையும் உடம்பை என்ன பண்ணியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெளியே வந்தவர் ஓய்ந்துவிடவில்லை. கூட்டங்களுக்கு முன்போல அலைய முடியாதபோது பேனாவை எடுத்தார். பெரியாரின் குடி அரசு இதழில் எழுதினார். 1932-இல் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்தில் அவருக்கு முக்கியப் பங்கு. உலகம் எப்படி உண்டானது, உயிர்கள் எப்படி வளர்ந்தன, மூடநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று விஞ்ஞானத்தைத் தமிழிலேயே விளக்கினார். இங்கிலீஷ் தெரியாத தொழிலாளிக்கும் சயின்ஸ் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். டெக்னிக்கல் வார்த்தைகளை மனப்பாடம் செய்துவிட்டு அர்த்தம் புரியாமல் முழிக்கிற நமக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

1945-இல், 85 வயதில், சென்னை அச்சகத் தொழிலாளர் மாநாட்டுக்கு வந்து பேசினார். 1946 பிப்ரவரி 11-இல் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

நாங்கள் எதற்கு மனு கொடுக்கப் போனோம் என்று இதுவரை சொல்லவில்லை. எங்க அப்பா ஃபிட்டர். 22 வருஷம் ஒரே கம்பெனி. யூனிட்டை வேறு ஊருக்கு மாற்றுகிறோம் என்றார்கள். புது மெஷினுக்கு ஆள் எடுக்கிறோம், எல்லாரும் டெஸ்ட் எழுதுங்கள் என்றார்கள். அப்பா எழுதினார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சேர வேண்டிய பணமும் முழுசாக வரலை. அதற்குத்தான் அந்த மனு. பொன்மலைக் கதையைப் படித்த ராத்திரி, அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அந்த 3,100 பேர் என்ன ஆனாங்க என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

நாளைக்கு நாம் டிப்ளமோ முடித்துவிட்டு சூபர்வைசராகப் போவோம். டெஸ்ட் வைக்கிற பக்கம் உட்காருவோம், இல்லையென்றால் எழுதுகிற பக்கம் நிற்போம். எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம் தோழர்களே. ஃபைல் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கைக்கும் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காக, பாதி வாழ்க்கை படித்து வாங்கிய அங்கியையே ஒருவர் கொளுத்திவிட்டு வந்தார்.

அப்பாவின் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையும் போகிறோம். இந்தத் தடவை வரிசையில் யாராவது, யாருப்பா இவர் என்று கேட்டால் பதில் சொல்ல நான் இருப்பேன்.