34 விநாடியில் ஒரு சாதனை!



ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நன்றாகத் தெரியும். அடுத்த முறை பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகக் கவனித்துப் பாருங்கள். பச்சை நிற நம்பர் பிளேட் மாட்டிய வண்டிகள், சத்தம் இல்லாமல் நழுவிப் போகும். அவை மின்சாரத்தில் ஓடும் வண்டிகள். நம் ராணிப்பேட்டையிலேயே 2021-ம் ஆண்டு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது.

மின்சார வண்டி என்றால் மெதுவாகத்தான் போகும் என்று நினைக்கிறீர்களா? 2023 பிப்ரவரி 11-ம் தேதி ஐதராபாத்தில் ஒரு பந்தயம் நடந்தது. ஹுசைன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளையே பந்தயப் பாதையாக மாற்றினார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 2.8 கிலோமீட்டர், 18 வளைவுகள்! அத்தனை கார்களும் மின்சாரக் கார்கள். இந்தியாவில் நடந்த முதல் 'ஃபார்முலா இ' பந்தயம் அதுதான். பிரான்ஸ் நாட்டு வீரர் ழான் எரிக் வெர்ன் அதில் வென்றார்.

இதெல்லாம் புதுக் காலத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 120 ஆண்டுகளுக்கு முன்பே மின்சாரக் காரில் பறந்து உலக சாதனை படைத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் காமில் ஜெனாட்சி. அவரது கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஜெனாட்சி, 1868-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் பிரசெல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரப்பர் பொருட்கள் செய்யும் தொழில். ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தோல் வாசனையும் ஷூ கம்பெனி சங்கொலியும் எப்படிப் பழக்கமோ, அப்படி ஜெனாட்சிக்கு ரப்பரும் டயரும் பழக்கம். பொறியியல் படித்தார். பிறகு பாரிஸ் நகருக்குப் போய், மின்சாரத்தில் ஓடும் வாடகை வண்டிகளைத் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் நீராவி, பெட்ரோல், மின்சாரம் என்று மூன்று வகைக் கார்கள் இருந்தன. இவற்றில் எது சிறந்தது என்று பெரிய போட்டியே நடந்துகொண்டிருந்தது. மின்சாரக் கார் கிளம்பும்போது கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டாம்; புகை இல்லை; தடதட சத்தமும் இல்லை. தன் காரே சிறந்தது என்று காட்ட ஜெனாட்சி ஆசைப்பட்டார். 1898 நவம்பரில், பாரிஸ் அருகே சாந்தலூ என்ற இடத்தில் நடந்த மேட்டுச் சாலைப் பந்தயத்தில், தன் மின்சாரக் காரை ஓட்டி வெற்றியும் பெற்றார்.

ஆனால் அடுத்த மாதமே ஒரு செய்தி வந்தது. டிசம்பர் 18-ம் தேதி, பாரிஸ் அருகே உள்ள அஷேர் என்ற ஊரின் நேரான சாலையில் வேகப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கஸ்தோன் ஷாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சுப் பிரபு ஒரு கிலோமீட்டரை 57 விநாடியில் கடந்துவிட்டார். அவர் ஓட்டியதும் மின்சாரக் கார்தான்! ஜெனாட்சி அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. செய்தி தெரிந்ததும் சும்மா இருப்பாரா? பிரபுவுக்குச் சவால் விட்டார்.

1899 ஜனவரி 17-ம் தேதி இருவரும் அதே சாலையில் சந்தித்தனர். முதலில் ஓட்டிய ஜெனாட்சி, மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். சாதனை அவர் கையில்! ஆனால், அந்த மகிழ்ச்சி அன்று ஒரு நாள் கூட நீடிக்கவில்லை. அடுத்து ஓட்டிய பிரபு 70 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். பத்தே நாளில் ஜெனாட்சி திரும்பி வந்து 80-ஐத் தொட்டார். மார்ச் 4-ம் தேதி பிரபு 92-ஐத் தாண்டினார். சடுகுடு ஆட்டம் போல மாறி மாறிப் போனது பாருங்கள்!

இரண்டாவது முறையும் சாதனையைப் பறிகொடுத்த ஜெனாட்சி, உடைந்துபோகவில்லை. தன்னிடம் என்ன குறை என்று யோசித்தார். ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. வேகம் கூடக் கூடக் காற்று சுவர் போலத் தடுக்கும். எனவே, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி, இரு முனையும் கூரான சுருட்டு வடிவத்தில் ஒரு காரைக் கட்டச் செய்தார். எடை குறைய வேண்டுமென்று அலுமினியம் கலந்த உலோகத் தகட்டால் அதன் உடல் அமைந்தது. சக்கரங்களில் காற்றடைத்த டயர்கள். பின் அச்சைச் சுழற்ற இரண்டு மின் மோட்டார்கள்.

அதிலும் ஒரு குறை இருந்தது. ஓட்டுபவர் உள்ளே உட்கார இடமில்லை. குதிரை மேல் உட்கார்ந்தவர் போல, மார்பளவு வெளியே தெரிய, காற்றில் நிமிர்ந்துதான் அமர வேண்டும்!

அந்தக் காருக்கு 'லா ழாமே கோந்தாந்த்' என்று பெயர். என்றைக்கும் திருப்தி அடையாதவள் என்பது இந்தப் பிரெஞ்சுப் பெயரின் பொருள்.

1899 ஏப்ரல் 29-ம் தேதி, அஷேர் சாலையில் அந்தக் கார் பாய்ந்தது. அவ்வளவு வேகத்தை மனித உடம்பு தாங்குமா என்று அஞ்சியவர்களும் அப்போது உண்டு. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆன நேரம் 34 விநாடி. கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு மணிக்கு 3,600 விநாடி. அதை 34-ஆல் வகுத்துப் பாருங்கள். 105.88 வருகிறதா? சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய உலகின் முதல் கார் அதுதான். ஜெனாட்சிக்கு ஒன்றும் ஆகவில்லை!

அந்த வேகத்தில் போனால், வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஏறக்குறைய அரை மணியில் வந்துவிடலாம். ஆனால் ஜெனாட்சியின் கார் வந்து சேராது. நடுவழியிலேயே அதன் பேட்டரி தீர்ந்துவிடும்! மின்சாரக் கார்களின் பலவீனம் அதுதான். கனமான பேட்டரி, குறைந்த தூரம். பெட்ரோல் கார்களோ ஆண்டுக்கு ஆண்டு முன்னேறின. ஜெனாட்சியும் பெட்ரோல் காருக்கு மாறினார்.

1902-ல் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் நடந்த பந்தயத்தில் அவரது கார் நொறுங்கியது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனாலும், அடுத்த ஆண்டே அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்துக்குப் போனார். அதற்காகத் தயாராக இருந்த மெர்சிடஸ் கார்கள், தொழிற்சாலைத் தீ விபத்தில் எரிந்துபோயின. அதனால், ஒரு செல்வந்தரிடம் இரவல் வாங்கிய சக்தி குறைந்த மெர்சிடஸ் காரில், சுமார் 527 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டி முதலிடம் பிடித்தார். சிவந்த தாடியும் அஞ்சாத வேகமும் அவருக்குச் 'சிவப்புப் பிசாசு' என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தன.

இவ்வளவு ஆபத்துகளில் தப்பியவரின் முடிவு பந்தயத்தில் நேரவில்லை. 1913-ல் நண்பர்களுடன் வேட்டைக்குப் போயிருந்தார். அவர்களை ஏமாற்றி வேடிக்கை பார்க்க, புதருக்குப் பின் ஒளிந்துகொண்டு மிருகம் போலக் குரல் கொடுத்தார். உண்மையான மிருகம் என்று நம்பி நண்பர் சுட்டுவிட்டார். காரில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே ஜெனாட்சியின் உயிர் பிரிந்தது. விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சுட்ட நண்பரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

குழந்தைகளே! போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பணம், நகை, தின்பண்டம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் கற்பதில் மட்டும் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. தோற்றபோது பிரபுவைக் குறை சொல்லாமல், தன் காரின் குறையை ஜெனாட்சி தேடினார். நாமும் மதிப்பெண் குறைந்தால் பக்கத்து மாணவனைப் பார்க்காமல், நம் விடைத்தாளைப் பார்க்க வேண்டும்.

ஜெனாட்சியால் தீர்க்க முடியாத பேட்டரிக் கணக்கில் அறிவியல் அறிஞர்கள் இன்று வெகு தூரம் வந்துவிட்டார்கள். எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும், விரைவாகச் சார்ஜ் ஏற வேண்டும் என்று மிச்சக் கணக்கு இன்னும் இருக்கிறது. அதைப் போட்டு முடிப்பவர் நம் பாலாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் இப்போது ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அது ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?